இடப்பக்கம் செத்த ஹெட்போன்

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே என்ன கேட்கிறது என்று பார்ப்பார்கள். நான் அதைச் சந்திரன் அண்ணன் தலையில் மாட்டிவிட்டு, அவர் தோளருகே குனிந்து, வெளியே என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக்குள், ஒயர் சுருள்களுக்கும் மைக் ஸ்டாண்டுகளுக்கும் நடுவே இருந்த கடை அது. கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“மேடம், பாட்டு உள்ள வருது. நீங்க வெளிய நின்னு என்ன கேக்கறீங்க?”

“வெளிய வரக்கூடாது பாய். அதத்தான் பாக்கறேன்.”

“அப்போ ஓடாத பீஸ் ஒண்ணு தர்றேன். உள்ளயும் வராது, வெளியயும் வராது.”

சந்திரன் அண்ணன் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். காதில் பாட்டு ஓடும்போது தன் சிரிப்பு எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரிவதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்ததிலிருந்து கடைக்காரர் ஒவ்வொரு ஹெட்போனையும் அவரிடமே நீட்டினார், விலையை அவரிடமே சொன்னார். அவர் கீபோர்டு வாசிக்கிறவர், ரிக்கார்டிங் செய்வது நான் என்று சொல்லியும் பார்த்துவிட்டேன். “ஆமா ஆமா” என்றுவிட்டு அடுத்ததையும் அவரிடமே நீட்டினார்.

மர்பி டவுனில் ரெக்ஸின் சீட் கவர் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஸ்டுடியோ. எங்கள் என்பது வாய்ப்பழக்கம். அது ஹெர்பர்ட் அண்ணனுடையது. சர்ச் கொயரை நடத்துகிறவர், வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேசட் போடுகிறவர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல மைக், எதிரொலிக்காமலிருக்க முட்டை அட்டைக்குப் பதிலாகக் கம்பளி அடித்த ஒரு அறை, ஒரே ஒரு ஹெட்போன். அந்த ஹெட்போனைத்தான் பாடுகிறவர் மாட்டிக்கொண்டு பாட வேண்டும். பாடி முடித்துப் போனபின் அதையே நான் மாட்டிக்கொண்டு குரலையும் இசையையும் கலந்து மிக்ஸிங் செய்ய வேண்டும். போன மாதம் ஹெர்பர்ட் அண்ணன் நாற்காலியோடு உருண்டு வந்து அதன் ஒயர்மேல் ஏறினார். அன்றோடு அதன் இடப்பக்கம் செத்துவிட்டது. ரிப்பேர்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு காது இல்லாமல் மிக்ஸிங் செய்ய முடியாது. எது எந்தப் பக்கம் நிற்கிறது என்றே தெரியாது. அதனால் புதிது வேண்டும் என்று ஹெர்பர்ட் அண்ணனை நான்தான் நச்சரித்தேன். சரி, போய்ப் பார்த்து எடுத்து வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பினார்.

வெளியே கேட்டுப் பார்த்ததற்குக் காரணம் கேத்தரின். கொயரில் பாடிப் பழகியவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அவளுக்கும் உண்டு: தன் குரல் தனக்கு நேராகக் கேட்க வேண்டும். ஹெட்போன் மாட்டியதும் இடது காதை விடுவித்துவிடுவாள். அந்தப் பக்கத்துக் கிண்ணம் காதுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். வலது காதில் இசை, இடது காதில் அவளே. சொல்லிப் பார்த்தாயிற்று, மாறாது. மைக்கோ அவள் வாய்க்கு எதிரே ஒரு சாண் தூரத்தில், எதைக் கேட்டாலும் பிடித்துவைத்துக்கொள்ளும் ஜென்மம். ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தமும் அவள் குரலோடு சேர்ந்தே பதிவாகிவிடும். ஒருமுறை சேர்ந்துவிட்டால், பாலில் விழுந்த தண்ணீர் மாதிரிதான்.

கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கறுப்பாக, அழகே இல்லாமல், கிண்ணத்தின் முதுகு முழுக்க மூடியது. தலையை இறுக்கிப் பிடித்தது. சந்திரன் அண்ணன் அதற்குள் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். சந்தில் போகிற ஸ்கூட்டர்தான் கேட்டது.

“இது,” என்றேன். “எடுத்து வைங்க. நாளைக்கு ஓனர் வருவாரு.”

“இது நல்லால்ல மேடம். இதவிட ஷோவா இருக்கு,” என்று கடைக்காரர் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். காட்டியது சந்திரன் அண்ணனுக்கு.

மறுநாள் ஹெர்பர்ட் அண்ணன் வாங்கிவந்தது அந்த அலமாரியில் இருந்ததைத்தான்.

வெள்ளி நிறம். இரண்டு கிண்ணத்தின் முதுகிலும் கம்பி வலை. வெல்வெட் மெத்தை. அதை ஒரு கிரீடத்தைப்போல இரு கையால் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எப்டி கீது?”

“நான் சொன்னது இது இல்லண்ணா.”

“நீ சொன்னது பாத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல பொம்பளைங்க மாட்டிகினு இருப்பாங்களே, அது மாதிரி கீது. இது மெட்ராஸ்ல பெரிய பெரிய ஸ்டுடியோல வெக்கறதும்மா.”

“மிக்ஸிங்குக்கு வெப்பாங்க. பாடறதுக்கு வெக்க மாட்டாங்க. பின்னாடி வலை இருக்கு பாருங்க, அது வழியா எல்லாம் வெளிய வரும். கேத்தரின் பாடும்போது மைக்ல லீக் ஆகும்.”

“சவுண்டு கம்மியா வெய்யி.”

“அவ எப்பவும் ஜாஸ்திதான் கேப்பா.”

“இன்னா மித்ரா நீ, சும்னே பேஜார் பண்ற. மொதல்ல மாட்டிப் பாரு.”

மாட்டிப் பார்த்தேன். அது நல்ல ஹெட்போன். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளறியது. போன வருஷம் நானே செய்த ஒரு மிக்ஸை ஓடவிட்டேன். அறையின் சுவர்கள் பின்வாங்கி, தபேலா ஒரு பக்கமும் வயலின் தூரத்தில் ஒரு ஜன்னலருகிலும் போய் உட்கார்ந்துகொண்டன. நான் கேட்டே இராத ஒரு மூச்சு, பாடகரின் வரிக்கும் வரிக்கும் நடுவே கேட்டது. மோசமான பொருளை வாங்கிவந்திருந்தால் மோசம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பொருளை வாங்கிவந்து தப்பான வேலைக்கு வைக்கிறவரிடம் எதைச் சொல்வது?

“மூஞ்சே சொல்லுது, புடிச்சிருக்குன்னு,” என்றார்.

“எனக்குப் புடிச்சிருக்கு. மைக்குக்குப் புடிக்காது.”

சந்திரன் அண்ணனைப் பார்த்தேன். கடையில் என்னோடு இருந்தவர், கசிவு என்றால் என்ன என்று என்னைவிட அதிக வருஷமாகத் தெரிந்தவர். அவர் கீபோர்டின் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு,” என்றார். பழைய ஹெட்போனை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு, தனக்குக் கொடுத்துவிடச் சொல்லி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் குழந்தை தூங்கும்போது பிராக்டீஸ் பண்ண ஒரு காது போதும், இன்னொரு காதால் அழுகிறதா என்று கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

கேசட்டில் ஐந்து பாட்டு கொயர் பாடியது. ஆறாவது கேத்தரினின் தனிப்பாட்டு. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். நைட் டியூட்டி முடிந்து விடிகாலையில் வரும் மகளுக்காகக் கதவைத் தாழ்போடாமல் தூங்குகிற ஒரு அம்மாவைப் பற்றிய பாட்டு. கர்த்தரைப் பற்றியது என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கொயரில் ஒத்துக்கொள்ளவைத்தாள். கடைசி வரி ‘வந்துவிட்டேன், சாத்திக்கொள்’ என்று முடியும். அந்த வரியை அவள் கீழே இறக்கி, ஏறக்குறையப் பேச்சாக, தூங்குகிறவர் விழிக்காதபடி பாடுவாள். கொயரில் இத்தனை வருஷம் இரண்டாவது வரிசையில் நின்றவளின் ஒரே தனிக்குரல் அது. மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிறு ராத்திரி விமானம். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும், அது அவள் குரலில் மட்டும் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஹெர்பர்ட் அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ரிக்கார்டிங் என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை என் தம்பிக்கு எங்கள் பௌத்த முறைப்படி பெண் பார்த்துப் பூ வைக்கும் சடங்கு. கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டு மறுநாள் காலை ரயிலில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பெண் வீட்டில் அன்று சம்பந்திகள் எல்லோரும் என் அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு அவரிடம் பேசினார்கள். சுரங்கத்தில் வெடி வைத்த காலத்திலேயே அந்தக் காது போய்விட்டது. அது தெரியாமல் அவர்கள் பேச, அவர் வெறுமனே புன்னகைக்க, பெண் வீட்டார் அவரை ரொம்பச் சாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நான் மாடியேறி வந்தபோது ஸ்டுடியோவில் கேத்தரின் இல்லை. ஹெர்பர்ட் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நேத்தே முடிச்சிட்டோம்மா. அவளுக்கு பேக்கிங் அது இதுன்னு ஏகப்பட்ட வேல. நானே எடுத்துட்டேன். பெரிய கம்பசூத்திரமா இன்னா, ஒரு பட்டன் அமுக்கறதுதானே.”

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெள்ளி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கேத்தரின் நன்றாகப் பாடியிருந்தாள். முதல் வரியிலேயே தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவள் குரலுக்குப் பின்னால், பக்கத்து வீட்டின் மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல, ஒரு ஆண்குரல். சொல்லுக்குச் சொல் கூடவே வந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அது மட்டும் தனியாகக் கேட்டது. கீபோர்டை எடுத்துவிட்டு அவள் குரலை மட்டும் ஓடவிட்டேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. ஹெர்பர்ட் அண்ணனேதான்.

பாடுகிறவருக்கு வழிகாட்ட முன்கூட்டி யாராவது பாடிவைப்பதை டிராக் என்போம். தான் எழுதிய பாட்டைப் பாட கேத்தரினுக்கு டிராக் எதற்கு? அவள் கேட்கவே இல்லை. இவரே பாடிவைத்து, இவரே அவள் காதில் ஓடவிட்டிருக்கிறார். அவள் சத்தம் கூட்டச் சொன்னபோதெல்லாம் கூட்டியிருக்கிறார். தொங்கிய இடது கிண்ணம், முதுகு மூடாத வலது கிண்ணம் இரண்டின் வழியாகவும் அவர் வெளியே வந்து அவள் பாட்டுக்குள் புகுந்துகொண்டிருந்தார்.

கடைசி வரி வந்தது. கேத்தரின் கீழே இறங்கினாள். பின்னாலிருந்த குரல் இறங்கவில்லை. அது மேலே, மேலே போய், ஒரு மாதா கோயில் கோபுரத்தில் ஏறி நின்று ‘வந்துவிட்டேன்’ என்றது.

ஸ்பீக்கரில் போட்டேன். “அண்ணா, இத கேளுங்க.”

கண்ணை மூடிக் கேட்டார். “நல்லா பாடிகிறா.”

“பின்னாடி கேளுங்க.”

“பின்னாடி இன்னா?”

“நீங்க.”

மறுபடி கேட்டார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. வேறு எதை மன்னித்தாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்க மாட்டேன்.

“ஏம்மா, நல்லாத்தான் கீது. தூரத்துல நின்னு ஆசீர்வாதம் பண்ற மாதிரி.”

“கடைசி வரிய மாத்திப் பாடியிருக்கீங்க.”

“அவ எறக்கி முடிச்சா கேசட்டே நின்னுபோன மாதிரி கீது. ஜனங்க அல்லேலூயா சொல்ல ஒரு எடம் வேணாமா?”

“இத எடுக்க முடியாது. அவ கொரலோட ஒட்டிகிச்சு. மறுபடி பாடணும்.”

“அவளுக்கு டைம் இல்ல. நான் யோசிச்சி வெச்சிட்டேன். பாதி கேக்கறதாலதான தப்பாத் தெரியுது? நான் மைக் முன்னாடி நின்னு முழுசா பாடிட்டா, அது லீக்கு இல்ல, டூயட்டு.”

தொழில்முறையாகப் பார்த்தால் அது சரியான யோசனைதான். கசிவை மறைக்க அதே குரலை மேலே பூசிவிடுவது எல்லோரும் செய்கிற வேலை. அதனாலேயே என்னால் உட்கார முடியவில்லை.

“தனிப்பாட்டுன்னு சொன்னீங்க அவகிட்ட.”

“சொன்னேன். இப்ப ஆண்டவரு வேற மாதிரி நடத்தறாரு.”

“ஆண்டவரு நடத்தல. இந்த வெள்ளிக் கிண்ணம் நடத்துது.”

“த பாரு. புத்தர் ஆளுங்க நீங்க. உங்களுக்கு கோவமே வரக்கூடாதுல்ல?”

“புத்தர் யாரும் எங்ககிட்ட ரிக்கார்டிங்குக்கு வந்ததில்லண்ணா.”

அவர் டீ டம்ளரை மேஜைமேல் வைத்தார். திங்கட்கிழமை தன் குரலை ரிக்கார்டிங் பண்ணலாம் என்றும், கேத்தரினிடம் போனில் சொல்லியாயிற்று என்றும் சொன்னார். படியிறங்கும்போது அந்தக் கடைசி வரியை முணுமுணுத்துக்கொண்டே போனார். தன்னுடையதை. மேலே போகிறதை.

சாயங்காலம் அல்சூருக்குப் போனேன். கேத்தரினின் வீட்டில் கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. அவள் அம்மா ஊறுகாய் பாட்டிலைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கேத்தரின் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் குனிந்துகொண்டாள்.

“வா. பூ வெச்சி முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சிது.”

“நல்லது. எனக்கும் வெச்சிட்டீங்க, காதுல.”

“கேத்தரின்—”

“ஹெட்போன் செலக்ட் பண்ணது நீதான்னு அங்கிள் சொன்னாரு. எஸ்.பி. ரோடு போய் நீ எடுத்ததாம். அது லீக் ஆயிடிச்சாம். நீயும் ஊருக்கு போய்ட்டியாம். அவரு பாவம், எப்படியாவது பாட்டக் காப்பாத்தணும்னு டூயட் பண்றாராம்.”

அவள் அம்மா பாட்டிலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். கறுப்பு ஹெட்போன், வெள்ளி ஹெட்போன், வலை, டிராக், எல்லாம். என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

“நான் டிராக் வேணாம்னுதான் சொன்னேன்,” என்றாள் கேத்தரின். இப்போது அவள் குரலும் மாறியிருந்தது. “காதுல அவரு கத்தறாரு, எம் பாட்டே எனக்கு கேக்கல. அதான் சவுண்டு கூட்டுங்க, மியூசிக்க கூட்டுங்கன்னேன். அவரு அவர கூட்டிகினாரு.” அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “நான் வேற ஒண்ணும் பண்ணல மித்ரா. எப்பவும் எப்டி நிப்பனோ அப்டித்தான் நின்னேன்.”

நின்றதைக் காட்டினாள். வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, இடது காதைத் திறந்துவைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து. அப்பா சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததுபோலவே, ஒரு பக்கம் மட்டும் உலகத்துக்குத் தந்துவிட்டு.

இடது பக்கம் அவளுக்குத் தேவையே இல்லை. அவளுக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. வலது பக்கம் மட்டும் ஓடுகிற, முதுகு மூடிய ஒரு ஹெட்போன் எங்களிடம் இருந்தது. செத்துவிட்டது என்று நானே தள்ளிவைத்தது. மிக்ஸிங்குக்குத்தான் அது செத்தது. கேத்தரினுக்கு அதைப்போல ஒன்றைச் சொல்லிவைத்துக்கூடச் செய்ய முடியாது.

“நாளைக்கு காலைல பாடறியா?” என்றேன்.

“நாளைக்கு சர்ச்சு. கொயர்ல எனக்கு வழியனுப்பற ஜெபம் வெச்சிருக்காங்க.”

“ஹெர்பர்ட்ண்ணாவும் அங்கதான இருப்பாரு.”

கேத்தரின் என்னைப் பார்த்தாள். அவள் அம்மா ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியின் மூலையில் வைத்து அழுத்தினார். “போய்ப் பாடிட்டு வா,” என்றார். “ஜெபத்த நான் போய் வாங்கிகினு வர்றேன்.”

அங்கிருந்து அடுகோடிக்குப் பஸ் பிடித்தேன். சந்திரன் அண்ணன் கதவைத் திறந்தபோது பழைய ஹெட்போன் அவர் கழுத்திலேயே தொங்கியது.

“இது வேணும். நாளைக்கு குடுத்துடறேன்.”

“அதான் ஒரு பக்கம் ஓடாதேம்மா.”

“அதனாலதான் வேணும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொள்கிறவர்தான். அதுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம். “நீங்க வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதுண்ணா,” என்றேன். “ரெண்டும் நல்லாத்தான் இருக்குன்னீங்களே. ரெண்டும் எப்டி நல்லா இருக்கும்?”

“கிறிஸ்துமஸ் சீசன் மித்ரா. அவருகிட்டதான் எனக்கு புரோகிராமு.” குழந்தை எழுந்துவிடுமோ என்று உள்ளே திரும்பிப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். நான் நன்றி சொல்லாமல் இறங்கினேன்.

ஞாயிறு காலை ரெக்ஸின் கடை மூடியிருந்தது. மெஷின் சத்தம் இல்லை. தெருவில் நல்ல உடுப்புப் போட்டவர்கள் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்த் திசையில் கேத்தரின் மட்டும் சேலைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு வந்தாள். என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். சர்ச் மணி அடித்து ஓயும்வரை அறைக்குள் சும்மா நின்றோம்.

“இது செத்துபோச்சின்னு சொன்னீங்களே,” என்றாள் பழைய ஹெட்போனைப் பார்த்து.

“உனக்கு வேண்டிய பக்கம் உசுரோடதான் இருக்கு.”

மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல இடது காதை விடுவித்தாள். செத்த கிண்ணம் காதுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. கீபோர்டை மட்டும் ஓடவிட்டேன். அறைக்குள் போய் அவள் தலையருகே குனிந்து கேட்டேன். அவள் மூச்சுதான் கேட்டது.

“ஏன் மித்ரா, பேன் பாக்கறியா?”

“வாய மூடிகினு பாடு.”

“எப்டி?” என்று சிரித்தாள். அந்த இரண்டு நாளில் எங்கள் இருவரில் யாராவது சிரித்தது அப்போதுதான்.

முதல் முறை பாதியில் நின்றுவிட்டாள். கோபம் தொண்டையில் நிற்கிறது என்றாள். தண்ணீர் குடித்தாள். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல், கதவைத் திறந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறவளாகப் பாடினாள். கடைசி வரியில் கீழே இறங்கி, ‘சாத்திக்கொள்’ என்று சொல்லி முடித்தாள். அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

அப்புறம் நான் வெள்ளி ஹெட்போனை எடுத்தேன். அதில் வைத்து மிக்ஸ் செய்தேன், அதற்கென்றே செய்யப்பட்ட பொருளில். கேத்தரின் குரலை நடுவில் வைத்தேன், கீபோர்டைச் சுவரோரம் நகர்த்தினேன், எதிரொலி எதுவும் போடவில்லை. மாட்டிக்கொண்டு கேட்டபோது அவள் ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று பாடினாள். ஹெர்பர்ட் அண்ணன் நான் எடுத்துவைத்த கறுப்பையும் வாங்கி, தான் ஆசைப்பட்ட வெள்ளியையும் வாங்கி, எதை எதற்கு என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, என்னைக் கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்தேன். நினைக்க நினைக்க, நன்றாக இருந்த அந்தச் சத்தமும் எனக்கு எரிந்தது.

சிடிகள் எழுதினேன். ஒன்று அவள் அம்மாவுக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

“அந்தப் பழசு எங்க?” என்றாள் கேத்தரின். “வெள்ளிக்கிழம எடுத்தது.”

திரையில் காட்டினேன். இரண்டு கோடுகள்: அவள் குரல் ஒன்று, அவருடைய டிராக் ஒன்று.

“அழிக்கறதுக்கு எந்த பட்டன்?”

காட்டினேன். இரண்டையும் அவளே அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. “கேக்குது பாரு, இதாவது,” என்று சொல்லி மறுபடி அமுக்கினாள்.

ஹெர்பர்ட் அண்ணன் கோட்டோடு படியேறி வந்தபோது நாங்கள் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். கேத்தரினின் அம்மா தனியாக உட்கார்ந்து ஜெபத்தை வாங்கிக்கொண்டதைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். வெள்ளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முழுதாகக் கேட்டார். அவர் கெட்ட பாடகர் இல்லை, கெட்ட காதும் இல்லை. கடைசி வரியில் அவர் கண் கொஞ்சம் கலங்கியதை நான் பார்த்தேன்.

கழற்றினார். “பாத்தியா மித்ரா? இதுக்குத்தான் இந்த ஹெட்போன வாங்கினேன். எவ்ளோ கிளியரா வந்துகீது.”

நான் பழைய ஹெட்போனைத் தூக்கிக் காட்டினேன். “பாடினது இதுல.”

“எதுலயோ ஒண்ணு. நல்லா வந்திச்சில்ல. நாளைக்கு எம் பார்ட்ட மேல போட்டுட்டா—”

“உங்க டிராக் இல்ல அங்கிள்,” என்றாள் கேத்தரின். “அழிச்சிட்டேன்.”

“யார கேட்டு?”

“எம் பாட்டுதான.”

“எம் ஸ்டுடியோம்மா இது. கேசட்டு என்னுது. டூயட்டா இல்லன்னா இந்தப் பாட்டு கேசட்ல வராது, சொல்லிட்டேன்.”

“அஞ்சு பாட்டே போடுங்க.” அவள் தன் இரண்டு சிடிகளைக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள். அவரிடம் கை கூப்பினாள். கொயரில் இத்தனை வருஷம் பாடவைத்ததற்கு என்று சொன்னாள், அதை நிஜமாகவே சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஹெர்பர்ட் அண்ணன் அவள் போகும்வரை காத்திருந்தார். கையை நீட்டினார். “சாவி.”

கொடுத்தேன்.

“உன்ன வேலைக்கு வேணாம்னு சொல்லல. ஒரு ரெண்டு வாரம் கழிச்சி வந்து, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் மறந்துடுவேன். என் சுபாவம் அது.”

“கறுப்பு ஹெட்போன் இன்னும் அந்தக் கடைல இருக்கும்ண்ணா,” என்றேன். “வாங்கி வெச்சிட்டுக் கூப்புடுங்க. நான் வந்து ஒண்ணும் சொல்லாம வேல பாக்கறேன்.”

அவர் முகம் கறுத்தது. நான் பழைய ஹெட்போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அடுகோடியில் சந்திரன் அண்ணன் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“வேல போச்சா?”

“அவருகிட்ட கேளுங்க. நீங்கதான் பேசுவீங்க.”

அவர் வழிவிட்டு ஒதுங்கினார். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஜாடையில் உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் சந்திரன் அண்ணனிடம் சிடியையும் ஹெட்போனையும் நீட்டினேன். அவர் அதைப் பிளேயரில் போட்டு, பழைய ஹெட்போனைச் செருகி, தலையில் மாட்டிக்கொண்டார்.

அவர் வாசித்த கீபோர்டுதான். அதைக் கேட்கிறவராகத்தான் முதலில் நின்றார். பிறகு அவர் விரல்கள் அசைவதை நிறுத்தின. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் முகத்தை வைத்தே என்னால் சொல்ல முடிந்தது: இப்போது தெருமுனை, இப்போது கதவு.

நான் கிட்டே போய், அவர் தோளருகே குனிந்து, வெளியே கேட்டேன். எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் மூச்சுதான் கேட்டது. எதிர்ச் சுவரில் நாள்காட்டித் தாள் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே என்னை நோக்கிக் கையை உயர்த்தினார், இரு, இன்னும் முடியவில்லை என்பதுபோல. என் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவர் கையை இறக்கும்வரை அங்கேயே நின்றேன்.